முக்கண் சக்கரம்: மேல்மலையனூர் வட்டாரத்து ரிமோட் லாரிகளின் ஆயுளும் டயர்த் தேர்வும் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடுவோம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசைதோறும் இரவில் ஊஞ்சல் உற்சவம் நடக்கும். அந்த இரவில் கடைவீதித் தரையில் விரித்த தார்ப்பாயின் மேல், வளையலுக்கும் பொரிக்கும் நடுவே, ஒரு சாண் நீளமுள்ள லாரி ஒன்று முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும். உடம்பைவிடச் சக்கரம் பெரிது. உள்ளே ஓட்டுநர் இல்லை. ஓட்டுகிறவர் நான்கடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து, ஒரு கையில் ரிமோட்டும் மறு கையில் டீயுமாக இருப்பார். அறிஞர் உலகம் இதைச் ‘சாலை வேண்டாத, வானொலி அலையால் இயங்கும் சிறு சரக்குந்து’ என்று அழைக்கக்கூடும். வட்டார வழக்கு ‘ரிமோட் லாரி’. வட்டார வழக்கையே கொள்வோம்.

இதன் ஆயுள் எவ்வளவு, இதற்கு எந்த டயர் தகும் என்பன ஆய்வு வினாக்கள். கடைக்காரரைக் கேட்டால், “அது புள்ளைங்க கையில இருக்குது சார்” என்பார். ஆய்வு நெறிப்படி இது குறையற்ற விடை. கட்டுரைக்குத்தான் போதாது.

வரையறையில் ஒரு சிக்கல் உண்டு. ரிமோட் என்பது யாதெனின், வண்டியில் ஏறாமல் தள்ளி நின்று அதை ஏவுவது. நிகோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தண்ணீர்த் தொட்டியில் மிதந்த சிறு படகை அலைகளால் ஓட்டிக் காட்டினார். அற்றேல், எவ்வளவு தள்ளி நின்றால் அது தொலைவு? அதை யாரும் வரையறுக்கவில்லை. ஆகவே நான்கடியும் தொலைவே என்க. அங்ஙனமாயின், நுங்கு எடுத்த கூடு இரண்டைக் குச்சியில் கோத்துச் சக்கரமாக்கி, கவட்டைக் கம்பால் அதைத் தள்ளிக்கொண்டு ஓடும் பையனும் தொலைவிலிருந்தே ஏவுகிறான். அலைக்குப் பதில் கம்பு, வேற்றுமை அவ்வளவே.

நுங்கு வண்டியை இவ்வாய்வில் சேர்க்கக் கூடாது என்பார், அலைவழி ஏவுதலில் உள்ள குறைக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். மலிவான ரிமோட் பொம்மைகள் பல 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒரே தெருவில் இரண்டு ஓடினால், இவன் பொத்தானை அழுத்த அவன் லாரி கிளம்பும். சித்தர்கள் சொன்ன கூடுவிட்டுக் கூடு பாய்தல் இதுவே என்று கொள்ளவும் இடமுண்டு. விலை கூடிய வண்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாறி, தத்தம் ரிமோட்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டு இதைத் தீர்த்துக்கொண்டன. நுங்கு வண்டியில் இக்குறை ஆதியிலிருந்தே கிடையாது, எவனாவது கம்பைப் பிடுங்கினால் ஒழிய.

இலக்கியச் சான்று காட்டாமல் தமிழில் ஆய்வு செய்வது வழக்கமில்லை என்பதால் அதையும் பார்த்துவிடலாம். பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு தெருக்காட்சி வைத்திருக்கிறார். காயப்போட்ட தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் கனத்த காதுக் குழையைக் கழற்றி எறிகிறார்கள். அது தெருவில் கிடந்து, குதிரை பூட்டாமல் பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரை மறிக்கிறது. இதைப் படித்தவர்கள் காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைக் கண்டு மகிழ்ந்தார்கள். வண்டியின் தொழில்நுட்பக் கோளாறு யார் கண்ணிலும் படவில்லை. கட்டையான சக்கரத்தைக் கிடைமட்டமாகத் தள்ளினால், தன் ஆரத்துக்கு மேற்பட்ட உயரமுள்ள தடையை அது ஏறவே ஏறாது. ஆரத்தில் பாதி உயரம் என்றாலே திணறும். குழையில் தேர் நின்றதென்றால், ஒன்று குழை மிகப் பெரிது, அல்லது சக்கரம் மிகச் சிறிது. அப்பெண்களின் காதுகளை எண்ணி, சக்கரம் சிறிது என்ற கட்சியையே நாம் சார்கிறோம். தார்ப்பாய் லாரிக்குச் சக்கரம் உடம்பைவிடப் பெரிதாக இருப்பதன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. காதுக் குழைகள் கிடக்கும் தெருவில் வேறெந்த வண்டியும் போக முடியாது.

ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர் உருட்டல். புலவர்கள் தேரை உருட்டச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள். அச்சைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சூத்திரகரின் மிருச்சகடிகத்தை, அதாவது பண்டிதமணி மு. கதிரேசச் செட்டியார் தமிழில் தந்த ‘மண்ணியல் சிறுதேர்’ நாடகத்தை, மூலப்பொருள் தேர்வு பற்றிய முதன்மை ஆவணமாகவே கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பையனின் பொன் தேரோடு விளையாடிவிட்டு வந்த சாருதத்தன் மகன், மண் தேர் வேண்டாம் என்று அழுகிறான். வசந்தசேனை மனமிளகித் தன் நகைகளைக் கழற்றி அந்த மண் தேரில் நிரப்புகிறாள். அன்பு பெரிதுதான். ஆனால் பொன் தண்ணீரைப் போலப் பத்தொன்பது மடங்கு கனம், அதோடு வளைந்துகொடுக்கும் உலோகம். கரடுமுரடான தரையில் பொன் அச்சு ஒரு தெருவைத் தாண்டாது. பையனுக்கு யாராவது இதை எடுத்துச் சொல்லியிருந்தால் நாடகத்தின் பின்பாதி வழக்கே நடந்திராது.

இனிக் களம். மேல்மலையனூர் இருக்கும் செஞ்சி வட்டாரம் முழுக்கக் கருங்கல். மலை என்று நாம் சொல்வது, யாரோ அடுக்கப் போய்ப் பாதியில் விட்டதுபோல உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்பது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் வளைத்துக் கோட்டை. 1690-இல் முற்றுகை தொடங்கிய முகலாயத் தளபதி ஜுல்பிகர் கானுக்கு அது கைவர 1698 ஆயிற்று. தாமதத்துக்கு வரலாற்றாசிரியர்கள் படை, பணம், அரசியல், தளபதியின் உள்நோக்கம் என்று பல காரணம் சொல்வார்கள். சக்கரப் பிடிப்பு என்ற கோணம் இன்னும் உரிய கவனம் பெறவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் இராணுவ நிலவமைப்பு என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சிதான். ஆக, இங்கே ஒரு பொம்மை லாரி சறுக்கினாலும் அது உலகப் பாரம்பரியத்தின் மேல் சறுக்கிய சறுக்கல்.

அளவைப் பெருக்கிப் பார்த்தால் நிலைமையின் கடுமை விளங்கும். நல்ல ரிமோட் லாரிகள் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவில் செய்யப்படுகின்றன. ராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. லாரியின் கணக்கில் அது 8,000 அடி; உதகமண்டலத்தைத் தாண்டிவிடும், அதுவும் கொண்டை ஊசி வளைவு எதுவும் இல்லாமல், நேரே படிக்கட்டில். புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது நம் மரபு. நான்கு சென்டிமீட்டர் எலுமிச்சை ரிமோட் லாரிக்கு நாற்பது சென்டிமீட்டர் பாறாங்கல். பழம் நசுங்காது, லாரி குடைசாயும். திருஷ்டி கழிக்கப் போய்த் திருஷ்டி வந்து சேரும். சுண்டைக்காய் போதும் என்பது எமது துணிபு.

டயருக்கு வருவோம். விலை கூடிய ரிமோட் லாரியின் டயரில் காற்று கிடையாது. ரப்பர் தோலுக்குள் வளையமாக நுரைப்பஞ்சு இருக்கும். தோலின் விளிம்பு ரிம்மோடு ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டும் பசை நம் வீடுகளில் ஃபெவிக்விக் என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. பஞ்சு அழுந்தி மீளக் காற்று போய்வர வேண்டும் என்பதால் ரிம்மிலோ டயரிலோ துளை விட்டிருப்பார்கள். ஏரிக்கரைச் சேற்றில் இறக்கினால் அந்தத் துளை வழியே தண்ணீர் புகுந்து, பஞ்சு குடித்து, சக்கரம் கனத்து, வண்டி தள்ளாடும். தள்ளாட்டத்துக்குக் காரணம் உள்ளே போன திரவமே என்பது திருவிழாக் கூட்டம் முழுமைக்கும் பொருந்தும் பொதுவிதி.

காற்று இல்லாததால் பங்க்சரும் இல்லை. வேலிக்காத்தான் முள் நிறைந்த வட்டாரத்தில் இது சாதாரண வரம் அல்ல. ஆனால் டயரின் மேல் துருத்தி நிற்கும் முளை விஷயத்தில் தப்ப முடியாது. உழுத புழுதிக்குக் குச்சி குச்சியான மென்முளைகள் வேண்டும். அதையே தார்ச்சாலையில் ஓட்டினால் முளை தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ஈரக் களிமண்ணில் முளைகள் நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அப்பிச் சக்கரம் போண்டாவாகிவிடும். அகன்று நிற்கும் தடித்த முளைகளே சுழலும்போது மண்ணை உதறும். பாறைக்கோ முளையைவிட ரப்பரின் மென்மையே முக்கியம். மென்மையான தோல், மென்மையான பஞ்சு, நிதானமான வேகம் மூன்றும் சேர்ந்தால் டயர் பாறையின் மேடுபள்ளத்தில் படிந்து, பிடித்து, ஏறும். அதே மென்டயரை வேகமாகச் சுழற்றினால் வட்டம் பெருத்து, நடுப்பகுதி மட்டும் தரையில் பட, வண்டி தன் இஷ்டத்துக்குப் போகும். மேல்மலையனூரில் கோயில் வாசலிலிருந்து கிளம்பி ஊர் எல்லைக்குப் போவதற்குள் தார், மணல், களிமண், கருங்கல் எல்லாம் வந்துவிடுகின்றன. நான்கு சக்கரத்துக்கு நான்கு வகை டயர் மாட்டலாம் என்ற யோசனையை நடுநிலையோடு பரிசீலித்தோம். வண்டி வட்டமடிக்கும்.

ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம் 1976-இல் முதல் ரிமோட் காரை விற்றது. 1979-இல் சாண்ட் ஸ்கார்ச்சர், ரஃப் ரைடர் என்று மண்ணில் ஓடும் வண்டிகள். 1987-இல் கிளாட் பஸ்டர்: இரண்டு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும், டயரோ யானைக்கால். தார்ப்பாய் லாரி இதன் தூரத்துச் சொந்தம். முகஜாடை அப்படியே இருக்கும், முளைகள் முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் எல்லாம் கடினப் பிளாஸ்டிக். மொசைக் தரையில் சக்கரம் சுழலும், லாரி நகராது. இதற்குப் பரிகாரம் பங்க்சர் கடையில் இருக்கிறது. கிழிந்த சைக்கிள் ட்யூபை விரலளவு வளையமாக வெட்டிச் சக்கரத்தில் மாட்டினால் லாரி சுவரில் போய் முட்டும் அளவுக்குப் பிடிப்பு வந்துவிடும். ட்யூப் இலவசம், கேட்கிற விதத்தில் கேட்டால்.

நுங்கு வண்டிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லாததன் காரணத்தை யோசித்தால் டயர் இயலின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. பிடிப்பு வேண்டியது மோட்டார் சுழற்றும் சக்கரத்துக்குத்தான். தள்ளப்படும் சக்கரம் உருண்டால் போதும். நுங்கு வண்டியில் உந்துவிசை பையனின் காலிலிருந்து பிறக்கிறது. தரையைப் பற்ற வேண்டியது அவன் பாதம். எனவே நுங்கு வண்டிக்கு டயர்த் தேர்வு என்பது செருப்புத் தேர்வு. பெரும்பாலும் செருப்பும் இருக்காது, ஏனெனில் அது ஏற்கெனவே வேறொரு வண்டிக்கு டயராகிவிட்டது. வார் அறுந்த ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி, சைக்கிள் போக்ஸ் கம்பியை அச்சாக்கி, பவுடர் டப்பாவை உடம்பாக்கினால் கிடைப்பது செருப்பு வண்டி. தேய்வதற்கென்றே பிறந்த ரப்பர் அது, இரண்டாம் பிறவியிலும் தேய்கிறது.

நுங்கிலும் தேர்வு இல்லாமல் இல்லை. மூன்று கண் உள்ள காயே வட்டத்துக்கு நெருங்கி வரும். கண் குறைந்தது கோணலாக வளர்ந்து, உருளும்போது நொண்டும். மூன்று கண்ணையும் கட்டைவிரலால் தோண்டிச் சாப்பிட்டுவிட்டு, ஒரே அளவான இரண்டைப் பொறுக்கி, நடுவில் குச்சி சொருகுவது முறை. முக்கண் உடைய சக்கரம் அங்காளம்மன் ஊரில் ஓடுவதில் சைவத் தத்துவம் பொதிந்திருக்கிறது என்று எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. நாமே அதைப் பொறுப்பாகத் தவிர்க்கிறோம். வெயிலில் காயக் காயக் கூடு சுருங்கி அச்சுத் துளை தளரும். அப்புறம் அதை மாட்டுக்குப் போட்டால் மாடு தின்றுவிடும். தேய்ந்த டயரை மாடு தின்று தீர்க்கும் வாகனம் வேறு எதுவும் எம் பார்வைக்கு வரவில்லை.

ஆயுளைப் பொறுத்தவரை சின்ன வண்டிகளுக்கு இயற்கையே துணை. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலில் இதன் கணக்கு இருக்கிறது. அளவைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாகும். குறுக்குவெட்டைப் பொறுத்த வலிமையோ நூறில் ஒன்றாக மட்டுமே குறையும். தன் எடைக்குப் பொம்மை லாரி பத்து மடங்கு பலசாலி. மொட்டை மாடியிலிருந்து விழுந்தும் அது எழுந்து ஓடுவதற்கும், நிஜ லாரி பாலத்திலிருந்து விழுந்தால் ஓடாததற்கும் காரணம் இதுவே. உடையாதிருக்கப் பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அலுமினியம் போடுகிறவர்கள் உண்டு. நைலான் கை மோதலில் வளைந்து மீளும். அலுமினியக் கை வளையாமல் அடியை அப்படியே அடுத்த பாகத்துக்கு அனுப்பும், அங்கே பல்சக்கரம் உடையும். அலுவலகக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அதற்கான சோதனைகளில் கீழே போட்டுப் பார்ப்பதும் உண்டு. ஆனால் அது வண்டி தொடர்ந்து ஓடுமா என்று கேட்பதில்லை. உடைந்த இடத்தில் கூர்முனை கிளம்புமா, விழுங்கக்கூடிய துண்டு கழலுமா என்றுதான் கேட்கும். உடையாதே என்று அரசு பொம்மைக்கு உத்தரவிடவில்லை. ஒழுங்காக உடை என்கிறது, அவ்வளவுதான். நடைமுறையில் பொம்மை லாரிகளின் மரணத்தில் விபத்தின் பங்கு குறைவு. அச்சில் தலைமுடி சுற்றிக்கொள்ளும், எடுக்க மறந்த பேட்டரி கசிந்து பச்சை பூக்கும், ஈயப்பற்று விட்டுப்போகும். இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ‘உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கிறேன்’ என்று அண்ணன் நடத்தும் அறுவை சிகிச்சை. நோயாளி பிழைப்பதில்லை. மோட்டார் மட்டும் தப்பி, பிளாஸ்டிக் இறக்கை கட்டிய குட்டி ஃபேனாக மறுபிறவி எடுக்கும்.

இங்கே நாம் ஒரு உரிமைப் பிரச்சினையை எழுப்ப வேண்டியிருக்கிறது. பெல்பாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் 1887-இல் காற்றடைத்த டயரைச் செய்தது எந்த லாரிக்காகவும் இல்லை. தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக. 1888-இல் காப்புரிமை வாங்கினார். ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பின்னால் தெரியவர, டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது. தாம்சன் குதிரை வண்டிகளை நினைத்தார், எடுபடவில்லை. பையனின் சைக்கிளில் மாட்டிய பிறகுதான் டயர் உலகத்தைச் சுற்றியது. சென்னையில் என்ன நடந்தது? 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை தொடங்கிய எம்.ஆர்.எஃப். முதலில் செய்தது பொம்மை பலூன். பழைய டயருக்கு மேல்தோல் போடும் ரப்பருக்கு அது வந்தது 1952-இல், முழு டயருக்கு வந்தது அதற்கும் பிறகு. காற்றடைத்த ரப்பர் என்பது இரண்டு ஊர்களிலும் பிள்ளைகளுடைய பொருளாகத்தான் தொடங்கியிருக்கிறது. லாரிகளும் பேருந்துகளும் நடுவில் கைமாற்று வாங்கியவை. சைக்கிள் டயர் தேய்ந்து நூல் தெரியத் தொடங்கியதும் அதை ஒரு பையன் குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு வளத்தி சாலையில் ஓடுகிறானே, அவன் பழைய டயரைப் பொறுக்கியவன் அல்லன். கைமாற்றுக் கடன் திரும்பி வந்திருக்கிறது, வட்டியில்லாமல்.

மேல்மலையனூர் ஊரே நீடித்து உழைப்பதைப் பெரிதாக மதிப்பதில்லை என்பதற்கு ஒரு பெரிய சான்று இருக்கிறது, சொல்லப்போனால் ஊரிலேயே பெரியது. மாசிப் பெருவிழாவில் மயானக் கொள்ளை முடிந்து, சில நாளில் அங்காளம்மனுக்குத் தேரோட்டம். மற்ற ஊர்களில் நூறாண்டுத் தேரை எண்ணெய் பூசிக் கொட்டகையில் காப்பார்கள். மேல்மலையனூரிலோ தேரை ஆண்டுதோறும் புதிதாகவே கட்டுவார்கள். மரம் ஊரைச் சுற்றிக் கிடைக்கும், கட்டத் தெரிந்த கைகளும் ஊரில் இருக்கும். உதிரிப் பாகம் சீனாவிலிருந்து வர வேண்டியதில்லை. நுங்கு வண்டியும் இதே கொள்கையில்தான் ஓடுகிறது. மாசியில் வாங்கிய ரிமோட் லாரி பங்குனியில் நொண்டி, சித்திரையில் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும்போது, பள்ளி விடுமுறையும் நுங்கும் ஒன்றாக வந்து இறங்கும். ஊரைச் சுற்றி நிற்கும் ஒவ்வொரு பனையும் குலை குலையாக டயர் விற்கும் கிடங்கு. தள்ளுபடி வேண்டுமென்றால் இரண்டு நுங்கு கூடக் கேட்கலாம்.

ஒன்று மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. மேலே சொன்ன வரையறைப்படி தேரும் ரிமோட் வண்டி ஆகிவிடுகிறது. ஓட்டுகிறவர் யாரும் அதில் ஏறி ஓட்டுவதில்லை. ஏவல் வடத்தின் வழியாக வருகிறது. வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தொலைவு. திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் தனியே இருக்கிறார்கள், அவர்கள் கை பிசகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் எதுவும் உதவாது. அலைவரிசைக் குழப்பமும் உண்டு: ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்துகிறார்கள். அப்படியானால் தேரை ரிமோட் லாரியின் இனத்தில் சேர்ப்பதா, தனி இனமாக வைப்பதா? நடுத்தெருவில் நின்று இதை யோசித்துக்கொண்டிருந்தபோது, துறை வல்லுநர் ஒருவர் எதிரே வந்ததால் அவரிடமே கேட்டோம். அவர் கவட்டைக் கம்பைச் சற்றுத் திருப்பி, ஓட்டத்தை நிறுத்தாமலே, “ஓரமா நில்லுங்க சார், வண்டி வருது” என்றார்.